கடமையை நிறுத்திவைக்கும் உரிமை

தச்சர் ஒருவர் நாற்காலிகள் செய்து தர ஒப்புக்கொள்கிறார். அவற்றைப் பெற்றுக்கொள்ளும்போதே விலை கொடுப்பதாகக் கடைக்காரர் ஒருவர் வாக்களிக்கிறார். குறித்த நாளில் நாற்காலிகள் வரவில்லை. கடைக்காரர் விலையைக் கொடுத்தே ஆகவேண்டுமா? வேண்டியதில்லை என்றே எவரும் கூறுவர். ஆயினும், இவ்வெளிய விடையைச் சட்டமாக எழுதுவது அத்துணை எளிதன்று. பிரெஞ்சு நாட்டின் வரலாறே இதற்குச் சான்று.

நெப்போலியன் காலத்தில், 1804-ஆம் ஆண்டில், வெளிவந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத் தொகுப்பில் இதற்கெனப் பொதுவிதி இல்லை. விற்பனை போன்ற சில ஒப்பந்தங்களுக்கு மட்டுமே தனி விதிகள் இருந்தன. தவணை தரப்படாதிருக்க, விலை கொடுக்காதவரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டுவதில்லை என்பது அவற்றுள் ஒன்று. இத்தகைய விதிகளிலிருந்து பொதுக்கோட்பாட்டை உருவாக்கியவர்கள் நீதிபதிகளும் சட்ட அறிஞர்களுமே ஆவர். ஆனால், தீர்ப்புகளுக்குள் மறைந்து கிடக்கும் உரிமையை எளிய குடிமகன் எங்ஙனம் அறிவான்?

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் இக்குறையைப் போக்கியது. தொகுப்பின் 1219-ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பினர் தம் கடமையைச் செய்யாதபோது, அத்தவறு போதிய அளவு கடுமையானதாக இருப்பின், மற்றவர் தம் கடமையைச் செய்ய மறுக்கலாம். 1220-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி முன்னே செல்கிறது. எதிர்த்தரப்பினர் உரிய நாளில் கடமையைச் செய்யமாட்டார் என்பது வெளிப்படையாகத் தெரிந்து, அதன் விளைவும் கடுமையாக இருக்குமாயின், அந்நாள் வருமுன்னரே தம் கடமையை நிறுத்திவைக்கலாம். ஆனால், அதனை அவருக்கு இயன்ற அளவு விரைவில் அறிவித்தல் வேண்டும்.

இவ்வுரிமையைப் பயன்படுத்த முன்கூட்டியே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டுவதில்லை. வழக்காடப் பொருளும் காலமும் இல்லாதவர்க்கு இது பெருந்துணையாகும். எனினும், இதில் இடரும் உண்டு. ஒரு நாற்காலியில் சிறு கீறல் இருப்பதைக் காட்டி முழு விலையையும் நிறுத்துபவர், பின்னர் நீதிமன்றத்தில் தாமே ஒப்பந்தத்தை மீறியவராகத் தீர்மானிக்கப்படலாம். ‘போதிய கடுமை’ என்னும் அளவுகோல் சட்டத்தில் இடம்பெற்றதன் பயன் இதுவே.

மேலும், நிறுத்திவைப்பது வேறு. ஒப்பந்தத்தை முறிப்பது வேறு. நாற்காலிகள் வந்து சேருமாயின், விலையும் சென்று சேரவேண்டும். எதிர்த்தரப்பினரைத் தண்டிப்பதற்கன்று, இருவரையும் வாக்குத் தவறாது நிற்கச் செய்வதற்கே இவ்வுரிமை வழங்கப்பட்டுள்ளது.