சுத்தியல் சொல்லும் சேதி

இங்கிலாந்தில் பழைய லேண்ட் ரோவர் ஒன்று விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்ப்பதில்லை. பழைய சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, கையில் சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கிறார். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸின் முன்முனையிலிருந்து பின்முனை வரை தட்டிக்கொண்டே போகிறார். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். உளுத்த இரும்பு 'டொப்' என்று ஊமைச் சத்தம் போடும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற அதே வித்தைதான். போன மாதம்தான் அடியில் கறுப்புப் பூச்சு புதிதாக அடித்தேன் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், சுத்தியல் இன்னும் கொஞ்சம் ஓங்கி விழும்.

இப்படிப் படுத்துப் பார்க்க வேண்டியிருப்பதற்கு, அந்த வண்டி பிறந்த கதையே காரணம். 1947-இல் ரோவர் கம்பெனியின் பொறியியல் பொறுப்பில் இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸை ஒட்டிய ஆங்கிள்சி தீவில் தம் பண்ணை வேலைகளுக்கு ஒரு வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் போலத் தாங்களே ஒன்று செய்தால் என்ன என்று தோன்ற, அங்குள்ள ரெட் வார்ஃப் விரிகுடாவின் கடற்கரை மணலில் அதன் உருவத்தை வரைந்து அண்ணன் ஸ்பென்சருக்குக் காட்டினார் என்பது வாகன உலகில் பிரபலமான கதை. இரும்பை அரிக்கும் உப்பு மண்டிய இடத்திலேயே வண்டி வரையப்பட்டது வேடிக்கைதான்.

போர் முடிந்த பஞ்ச காலம் அது. எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், கதவு, பக்கச்சுவர், பானெட் எல்லாம் அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். தகட்டை அச்சில் அழுத்தி வடிவமைக்கும் பெரிய இயந்திரங்களுக்குச் செலவழிக்க வசதியில்லை. எனவே சேஸிஸுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டை நீள நீளமாக வெட்டி, நான்கு பட்டைகளைப் பெட்டிபோல் சேர்த்து வெல்டிங் செய்தார்கள். சிக்கனத்தில் பிறந்த இந்த யோசனை அருமையாக வேலை செய்தது. ஆனால் அதன் பின்விளைவு ஒன்று இன்றுவரை தொடர்கிறது. அலுமினியத்தில் செந்துரு பிடிக்காது. அறுபது வருடமானாலும் மேலுடம்பு கண்ணுக்கு லட்சணமாகவே இருக்கும். கீழே எலும்புக்கூடு உதிர்ந்துகொண்டிருக்கும்.

பெட்டிபோன்ற சேஸிஸ் உள்ளே வெற்றிடம். சகதியில் ஓடும்போது துளைகள் வழியாகச் சேறும் தண்ணீரும் உள்ளே போகின்றன. வெளிப்பக்கம் அடுத்த வெயிலில் காய்ந்துவிடும். உள்ளே தங்கிய சேறு ஈரக் கோணிப்பையைப்போல வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். இரும்பு, ஆக்ஸிஜன், தண்ணீர் மூன்றும் கூடினால் துரு. அந்தத் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் முற்றிய துரு பரோட்டாவின் அடுக்குகள் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து உப்பி நிற்கிறது. வெளியில் ஒரு கொப்புளம் தெரிகிற நேரத்தில், உள்ளிருந்து தொடங்கிய அரிப்பு தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கும். மேற்பரப்பில் மட்டும் படிந்த செம்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்னது கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்தால் போய்விடும்.

இதற்கு மேல் உப்பு. பனிக்காலத்தில் ஐஸ் உருகுவதற்காகப் பிரிட்டனிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அரிப்பு என்பதே ஒரு மின்வேதி வினை என்பதால் அது வேகம் பிடிக்கிறது. சில இடங்களில் பயன்படுத்தும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், காயவே காயாது. பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கதையை அறிந்தவர்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. லேண்ட் ரோவர்காரர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு: எஞ்ஜினும் கியர்பாக்ஸும் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருப்பதால், சேஸிஸின் நடுப்பகுதி மட்டும் துருப்பிடிக்காமல் பிழைத்துக்கொள்ளும். கேலி என்றாலும் அதில் உண்மை இருக்கிறது.

இனி முக்கியமான கேள்வி. உளுத்த சேஸிஸைச் சரிசெய்வதா, புதிது போடுவதா, வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவதா?

பலரும் துருவின் அளவைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இடத்தை. பின்கோடியில் குறுக்காக ஓடும் சட்டம்தான் இந்த வண்டிகளில் பெரும்பாலும் முதலில் போகும். பின்சக்கரங்கள் வாரியடிக்கும் சேறு முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், விரல் நுழையும் ஓட்டைகள்கூட இருக்கும். ஆனாலும் அதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, கடையில் தயாராகக் கிடைக்கும் புதிய துண்டை வெல்டிங் செய்துவிடலாம். நீளச் சட்டங்களிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டி மேலுடம்பைத் தாங்கும் கிளைச் சட்டங்களும் அப்படியே. இவற்றுக்காக வண்டியைக் கைவிடுவது அவசரம்.

மாறாக, இலைப்பட்டை ஸ்பிரிங்குகள் சேஸிஸோடு சேரும் இடத்தில், அல்லது ஸ்டீயரிங் பெட்டி திருகப்பட்டிருக்கும் இடத்தில், உள்ளங்கையளவு அரிப்பு இருந்தால் அது வேறு சங்கதி. மேடுபள்ளத்தில் ஏறும் வண்டியில் ஒரு சக்கரம் பாறைமேல், எதிர்மூலைச் சக்கரம் குழிக்குள். அந்த முறுக்கு முழுவதையும் சேஸிஸ்தான் வாங்கிக்கொள்கிறது. தார்ச்சாலையில் பத்து வருடம் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய இரும்பு, மலைத்தடத்தில் ஒரே நாளில் கிழியலாம். ஸ்பிரிங் பிடி விட்டுப்போனால் ஆக்ஸில் இடம்பெயரும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பியும் பயனில்லை.

தமிழில் சட்டம் என்ற சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருளும் இங்கே வருகிறது. பிரிட்டனில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனை, துருவை இடம் பார்த்துத்தான் எடைபோடுகிறது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் போன்றவை பொருந்தும் புள்ளிகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், தாங்கும் இரும்பு அரித்து வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது. ஒட்டுப் போட்டிருந்தால் அதன் விளிம்பு முழுவதும் விடாமல் வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தால் போதாது. 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது சலுகையாகப் பட்டது. துரு அதிகம் இருக்க வாய்ப்புள்ள வண்டிகளுக்கே விலக்கு என்பதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வெல்டிங் செய்வது என்று முடிவானால், முதலில் வெட்ட வேண்டும். அநேகர் சறுக்குவது இங்கேதான். ஓட்டையின் அளவுக்கு ஒரு தகடு வெட்டி மேலே வைத்து ஒட்டப் பார்ப்பார்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள இரும்பும் காகிதக் கனத்துக்கு மெலிந்திருக்கும்; வெல்டிங் தீ பட்டவுடன் அது உருகி ஓட்டை இரண்டு பங்காகும். கிரைண்டரால் வெட்டிக்கொண்டே போய், பளபளவென்று முழுக் கனத்தில் இரும்பு தெரிகிற இடத்தில் நிறுத்தினால்தான் ஒட்டு நிற்கும். கையகல ஓட்டை என்று தொடங்கியது முழ நீளத்துக்குப் போவது சர்வசாதாரணம். சேஸிஸின் குறுக்கே ஒரே நேர்கோட்டில் வெட்டி இணைத்தால், வளைக்கும் விசையெல்லாம் அந்தக் கோட்டிலேயே விழும். தேர்ந்த வெல்டர்கள் ஒட்டுத் துண்டைச் சாய்வாகவோ வைர வடிவிலோ வெட்டுவது அதனால்தான். வேலை தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றுவது, பெட்ரோல் டாங்கியை இறக்கி வைப்பது என்பதெல்லாம் தனியே சொல்ல வேண்டாம். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு கருகிப்போயிருக்கும்; எனவே கடைசியில் துளை வழியாக உள்ளே மெழுகு பீய்ச்ச வேண்டும். அதைச் செய்யாத ஒட்டு, மறுபடி உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும்.

ஒட்டின்மேல் ஒட்டு வைத்த சேஸிஸ் ஒன்றைப் பார்த்தால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் சிக்கிக்கொள்ளும். மூன்றாவது ஒட்டுக்குப் பிடிமானம் தர அங்கே இரும்பே மிச்சமிருக்காது.

இந்தத் தலைவலி தனியாட்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். டொயோட்டாவின் டகோமா பிக்கப், அமெரிக்காவில் மலைத்தடப் பயணப் பிரியர்களின் செல்லப்பிள்ளை. 1995 முதல் 2000 வரை தயாரான டகோமாக்களில் சேஸிஸ் அரிக்கிறது என்று புகார்கள் குவிந்தன. 2008-இல் டொயோட்டா, துருவுக்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. மோசமாக அரித்த வண்டிகளை, நல்ல நிலையில் இருந்தால் என்ன சந்தை விலையோ அதைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2009-இல் டண்ட்ரா என்ற அதன் பெரிய பிக்கப்பில் 2000 முதல் 2003 வரை தயாரான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பின்பக்கக் குறுக்குச் சட்டம் அரித்து, அதில் தொங்கும் ஸ்டெப்னி ஓடும்போதே சாலையில் விழக்கூடும் என்பது காரணம்.

பிறகு 2005 முதல் வந்த மாடல்களுக்கும் வழக்கு வந்தது. 2016-இல் ஏற்பட்ட சமரசத்தில் சுமார் 15 லட்சம் வண்டிகள் அடங்கின. மொத்த மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். டொயோட்டா தன்மீது தவறு இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சமரசத்தில் இரண்டு எண்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று 10 மில்லிமீட்டர்: உள்ளிருந்து அரித்து அந்த அளவுக்கோ அதற்கு மேலோ ஓட்டை விழுந்திருந்தால் சேஸிஸையே மாற்றித் தர வேண்டும். இன்னொன்று 15,000 டாலர்: ஒரு வண்டிக்குச் சேஸிஸ் மாற்ற ஆகும் செலவாக வழக்கறிஞர்கள் போட்ட கணக்கு. வயதான பிக்கப் ஒன்றின் விலையே அவ்வளவு வராது. கம்பெனி செலவில் மாற்றினால் ஆஹா என்று ஏற்றுக்கொள்ளலாம். சொந்தக் காசு என்றால் கணக்கு வேறு.

லேண்ட் ரோவரில் இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. மேலுடம்பு தனி, சேஸிஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்துவிடும். பிரிட்டனில் அதே அளவில் புதிய சேஸிஸ் செய்து, ஏறத்தாழ 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முழுதாக முக்கியெடுத்து விற்கிறார்கள். உள்ளும் புறமும் துத்தநாகம் படிந்துவிடும். கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் துத்தநாகம்தான் அரிபடும். விலை சில ஆயிரம் பவுண்டு. வண்டியைப் பிரித்துப் பூட்டும் கூலி அதையும் தாண்டிவிடும். பிரித்த பிறகு சும்மா இருக்கவும் முடியாது: பிரேக் குழாய்கள் துரு, ரப்பர் புஷ்கள் வெடிப்பு, ஒயர்கள் மொறுமொறு. அறுபது வருடமாகத் திருகியே இருந்த போல்ட்டுகளில் பாதி அறுத்தால்தான் வரும். ஒரு மாதம் என்று தொடங்கியவர்களின் வண்டி ஒரு வருடம் கழித்தும் நான்கு பெட்டிகளில் சிதறிக் கிடப்பதுண்டு.

காகித விவகாரமும் உண்டு. வண்டியின் அடையாளம் சேஸிஸில் பொறித்த எண்ணில் இருக்கிறது. பழையதன் அளவிலேயே செய்த புதிய சேஸிஸ் என்றால் பழைய பதிவு தொடரும். நீளத்தைக் கூட்டி, குறைத்து, வடிவை மாற்றினால் பதிவு பறிபோய், வயது தெரியாத வண்டிகளுக்குத் தரும் 'க்யூ' எண் வந்து சேரும் ஆபத்து 2025 வரை இருந்தது. சேகரிப்பாளர்கள் அந்த எழுத்தைக் கண்டாலே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

ஆகவே ஓரத்துச் சட்டங்கள் மட்டும் போயிருந்தால் வெல்டிங். நீளச் சட்டங்களே பல இடங்களில் டொப் என்றால், வெல்டிங் கூலி புதிய சேஸிஸ் விலையை நெருங்கிவிடும். அங்கே ஒட்டுப் போடுவது வீண் செலவு. எஞ்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் நல்லபடி இருந்து, வண்டிக்குச் சந்தையில் மதிப்பும் இருந்தால் புதிய சேஸிஸ். அதெல்லாமும் ஓய்ந்துபோயிருந்தால் உதிரி பாகங்களாக விற்றுவிடுவதே மேல். அப்பா ஓட்டிய வண்டி என்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களிடம் யாரும் வாதாடுவதுமில்லை.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. அங்கே நின்ற வண்டிகளில் ஒன்று 1960-களில் சாலையை விட்டு விலகி, வேல்ஸில் ஒரு வயல்வெளியில் 20 ஆண்டுகள் கிடந்தது. பிறகு கம்பெனியின் சோலிஹல் தொழிற்சாலைக்கு அருகிலேயே ஒரு வீட்டுத் தோட்டத்தில், அரைகுறையாகப் பிரித்த நிலையில் முடங்கியது. அதைக் கண்டுபிடித்துப் புதுப்பிக்கப் போவதாகக் கம்பெனி 2018 தொடக்கத்தில் அறிவித்தது. பெருமளவு உற்பத்தி தொடங்குமுன் சோதனைக்காகச் செய்த 48 வண்டிகளில் அதுவும் ஒன்று. அந்த 48-க்கும் பின்னால் வந்தவற்றில் இல்லாத சில சிறப்புகள் இருந்தன: கனமான அலுமினியத் தகடு, கழற்றி எடுக்கக்கூடிய பின்தொட்டி, பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த சேஸிஸ். உற்பத்தி பெருகியபோது துத்தநாகத்தை விட்டுவிட்டுப் பெயின்டுக்கு மாறிக்கொண்டார்கள்.