வாலிகண்டபுரத்தை ஆண்டவர்களின் ஓவியம்

வேப்பந்தட்டை வட்டத்து வாலிகண்டபுரம் என்றதும் வாலீஸ்வரர் கோயில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே வட்டத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோரம் ரஞ்சன்குடி கோட்டை நிற்கிறது. 1751இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலிக்காக ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்ட இடம் அது. ஆனால் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இந்தச் சீமை வெளியுலகத்தோடு உறவு கொண்டிருந்தது. 1670களில் வாலிகண்டபுரத்தில் இருந்து ஆட்சி செய்தவர் ஷேர் கான் லோடி, பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்ற இடம் தந்தவர் இவரே. 1677இல் சிவாஜியிடம் தோற்றார்.

ஷேர் கான் யாருடைய பெயரால் இங்கே வரி வசூலித்தாரோ, அந்தக் குடும்பத்தின் ஓவியம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1680 வாக்கில் கமால் முகமது, சந்த் முகமது என்ற இருவர் சேர்ந்து தாளில் வரைந்தது. பீஜப்பூரை ஆண்ட ஆதில் ஷாஹி வம்சத்தில் எப்போதோ இறந்துபோன சுல்தான்களும், அப்போது அரியணையில் இருந்த சிறுவன் சிக்கந்தரும் ஒரே சபையில் கூடியிருக்கிறார்கள். நடுவில் வம்சத்தின் முதல்வர் யூசுப். அவரிடம் ஈரானின் சஃபாவி மன்னர் ஷா இஸ்மாயில் ஒரு சாவியைக் கொடுக்கிறார். ஆளும் உரிமை தங்களுக்கு ஈரானிலிருந்து வந்தது என்று உலகுக்குச் சொல்கிற படம். 1686இல் அவுரங்கசீப் பீஜப்பூரைப் பிடித்ததும் அந்த உரிமை முடிந்துபோனது.

சாவி கற்பனை. தூரிகை ஈரானிலிருந்து வந்தது நிஜம். ஆனால் அந்த ஈரானியத் தூரிகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கதை சீனாவரை நீள்கிறது.

1258இல் பாக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்தது. ஈரானை ஆண்ட மங்கோலியக் கிளையும் சீனாவை ஆண்ட கிளையும் ஒரே குடும்பம். அதனால் பட்டும் பீங்கானும் ஓவியச் சுருள்களும் தப்ரீஸ் நகரம்வரை தடையில்லாமல் வந்தன. அங்கே அமைச்சராக இருந்த ரஷீத் அல்-தீன் ஓர் உலக வரலாறு எழுதி, அதைப் பிரதி எடுத்துப் படம் வரையத் தன் செலவில் பட்டறையே வைத்தார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஒரு பிரதியின் பகுதி எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதில் மலைகளை அடுக்கிய விதமும் முறுக்கேறிய மரங்களும் மெல்லிய வண்ணப் பூச்சும் சீனச் சுருளோவியத்தை அப்படியே காட்டிக்கொடுக்கின்றன. ஈரானியக் காவியத்தின் சீமுர்க் பறவைகூடப் பிறகு சீனத்து ஃபீனிக்ஸின் நீண்ட வாலோடு பறக்க ஆரம்பித்தது.

இதை வெறும் நகல் என்று தள்ளுவது அநியாயம். சீன ஓவியர் வெள்ளைத்தாளை மூச்சுவிட விட்டார். ஈரானியர் அதே பாறையையும் மேகத்தையும் எடுத்து, ஓர் அங்குலம் காலியில்லாமல் நிறத்தால் நிரப்பினார். பதக்‌ஷான் மலையின் லாபிஸ் லாசுலி நீலம், குங்குமச் சிவப்பு, தங்கம். அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தாள். அணில் முடித் தூரிகை. எழுத்துக் கலைஞர் எழுதி முடித்து விட்டுவைத்த இடத்தில்தான் படம் வரும். தொலைவில் இருப்பது தாளின் மேல்பகுதிக்கு ஏறும், நிழல் கிடையாது, இரவுக் காட்சியிலும் ஒவ்வொரு பூவும் பகல்போல் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை வரைவதைவிட, மனம் அறிந்ததை எல்லாம் ஒரே பார்வையில் வைப்பது அவர்கள் நோக்கம்.

தைமூரின் வாரிசுகள் ஆண்ட ஹெராத்தில் இந்தக் கலை முழு அழகு பெற்றது. 1419இல் சீனப் பேரரசருக்குத் தூதுக்குழு புறப்பட்டபோது, இளவரசர் பைசுங்கூர் தன் ஓவியர் கியாத் அல்-தீனையும் சேர்த்து அனுப்பினார். வழியில் பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு அவர் 1422இல் திரும்பினார். ஓர் அரசியல் பயணத்தில் ஓவியனுக்கும் இடம் கொடுத்த அந்த அரசவையை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதே நகரில் பின்னாளில் வந்தவர் ஓவியர் பிஹ்ஸாத். கெய்ரோவில் உள்ள 1488ஆம் ஆண்டு ‘புஸ்தான்’ கவிதை நூல் பிரதியில் அவர் கையெழுத்திட்ட படங்களில் மனிதர்கள் பொம்மைகளாக நிற்பதில்லை. வேலை செய்கிறார்கள், வாதிடுகிறார்கள்.

அடுத்து இந்தியா. நாடிழந்த முகலாய மன்னர் ஹுமாயூன் 1544இல் ஈரானுக்குப் போனார். அங்கே மன்னர் ஷா தஹ்மாஸ்ப் ஓவியத்தில் ஆர்வம் இழந்துகொண்டிருந்த நேரம். மீர் சையத் அலி, அப்துஸ் சமத் என்ற இரு மேதைகள் ஹுமாயூனிடம் வந்து சேர்ந்தார்கள். முகலாய ஓவியம் அவர்கள் கையில் தொடங்கியது.

தக்காணத்துக்கு வந்த வழி வேறு. 1570இல் பீஜப்பூரில் உருவான ‘நுஜூம் அல்-உலூம்’ என்ற சோதிட நூலின் படங்களில், பாரசீக அலங்காரத்துக்கு நடுவே நம் தாந்திரிகத் தேவியரைப்போன்ற சக்திகள் அமர்ந்திருக்கிறார்கள். ஈரானில் பிறந்த ஃபர்ருக் பேக் 1585இல் அக்பரிடம் வந்து, பிறகு சில காலம் பீஜப்பூரில் சுல்தான் இரண்டாம் இப்ராஹிமுக்காக வரைந்தார். அந்த அவையின் ஆகச் சிறந்த படைப்பு என்று நான் கருதுவது டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தின் யோகினி ஓவியம். சாம்பல் நிற மேனி, பொன் நகைகள், கையில் மைனா, ஆளுயரத்துக்கு வளர்ந்த பூக்கள். ஈரானில் பூத்த பூ, தக்காணத்துச் சிவயோகினியின் அருகே நிற்கிறது. அதே இப்ராஹிமின் அவையில், பாரசீக மன்னரிடம் போகப் புறப்பட்டு வழிமாறிய ஹேடா என்ற டச்சு ஓவியரும் இருந்தார். 1622இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

ஐரோப்பா ஈரானுக்குள்ளும் நுழைந்தது. இஸ்ஃபஹானில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகமது ஸமான் நிழலையும் தொலைவு காட்டும் முறையையும் கொண்டுவந்தார். நூறாண்டுக்கு முந்தைய நூல்களில் விடுபட்ட பக்கங்களில்கூட அந்தப் புதிய முறையில் வரைந்து சேர்த்தார். அவரிடம் திறமை இருந்தது. ஆனாலும் சீனத்தை விழுங்கிச் செரித்த கலை, ஐரோப்பாவை அந்த அளவுக்குச் செரிக்கவில்லை என்பது என் கருத்து. மேகத்தை வாங்கியபோது அதைத் தன் வானத்துக்கு ஏற்ப மாற்றியது. நிழலை வாங்கியபோது தன் வெளிச்சத்தையே விட்டுக்கொடுத்தது.

இதைவிடப் பெரிய சேதம் வியாபாரிகளாலும் சேகரிப்பாளர்களாலும் வந்தது. ஈரானியக் காவியமான ஷாநாமாவின் 1330களின் மங்கோலியப் பிரதியை டெமோட் என்ற வியாபாரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்றார். 258 ஓவியங்கள் கொண்ட தஹ்மாஸ்பின் ஷாநாமாவும் 1970களில் அமெரிக்காவில் அதே கதிக்கு ஆளானது. ஒரு நூலாகப் பார்க்க வேண்டியதைத் துண்டு துண்டாகத்தான் இன்று உலகம் பார்க்கிறது.

ஆனாலும் பார்க்க முடிகிறது. மேலே சொன்ன பீஜப்பூர் ஓவியத்தை மெட்ரோபாலிட்டன் இணையதளத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வேப்பந்தட்டை வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை: ரஞ்சன்குடிக்கு மாணவர்களை அழைத்துப் போகும் முன், ஸ்மார்ட் போர்டில் அந்தப் படத்தை ஒரு வகுப்பு நேரம் காட்டுங்கள். நம் ஊரை ஆண்டவர்களின் முகங்கள் அதில் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.