மகளுக்குத் தலை பின்னும் தாய்மார்களே!

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. பள்ளிக்குப் போகும் மகளை உட்கார வைத்து, "ஆடாம இரு!" என்று ஓர் அதட்டல் போட்டு, ஈரத் தலையை இழுத்து இறுக்கிப் பின்னிவிட்டு ஓடுகிறீர்கள். தோட்டத்துத் தாய்மார் பலருக்கும் இதுதான் வழக்கம். குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் இந்த அவசரத்தில் பிள்ளையின் தலைக்கு வரும் கெடுதலைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறுக்கிப் பின்னாதீர்கள்

"இறுக்கிப் பின்னுனாத்தான் முடி வளரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. எப்படிப் பின்னினாலும் முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். நாள் தவறாமல் இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் முடி கொட்டும். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் மறுபடி முளைக்கும். வருடக்கணக்கில் விட்டால் வேர் கெட்டு, பிறகு முளைக்காது. "தலை வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்னால், உடனே பின்னலைத் தளர்த்துங்கள்.

ஈர முடி சுலபமாக அறும். ஆகவே முதல் நாள் சாயங்காலமே தலைக்குக் குளிப்பாட்டிக் காயவையுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுத்து, தளர்வாக ஒற்றைச் சடை போட்டுத் தூங்க வையுங்கள். காலையில் இரட்டைச் சடை போட அதிக நேரம் ஆகாது.

பேனுக்கு விஷமா?

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் பெரும்பாலும் ஏறும். சுத்தமான தலையிலும் வரும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஏசாதீர்கள்.

சிலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். சிலர் கொசு மருந்து அடிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். தோட்டத்துப் பூச்சி மருந்து தோல் வழியே உடம்பில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கற்பூர எண்ணெயும் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. வாயில் போனால் வலிப்பு வரலாம்.

நல்ல வழி இதுதான்: தலையில் தாராளமாக எண்ணெய் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்தினால் பயனில்லை. 3 நாளுக்கு ஒரு முறை, 2 வாரம் விடாமல் வாருங்கள். வீட்டில் எல்லார் தலையையும் அதே நாளில் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் கிளினிக்கில் கேளுங்கள். பேனுக்கென்றே மருந்து உண்டு. தலையில் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ தாமதிக்காதீர்கள்.

மருந்தடிக்கும் வேலை செய்யும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் 2020-இல் தடை செய்யப்பட்டது உண்மை. ஆனால் மற்ற மருந்துகளும் விஷம்தான். வேலை உடுப்பை மாற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகே பிள்ளையின் தலையைத் தொடுங்கள்.

பேனுக்காக மகளுக்கு மொட்டையடிக்கவும் வேண்டாம். பள்ளியை நிறுத்தவும் வேண்டாம். வெட்கத்தில் ஒதுங்கிய பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அம்மாவுக்குக் கை ஓயவில்லையென்றால் அப்பா சீப்பை எடுக்கட்டும். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.