கடல் கடந்த கடிதங்கள்

உற்றாரைப் பிரிந்து நெடுந்தொலைவு சென்றவர்க்கு ஊரிலிருந்து வரும் கடிதம் உணவினும் இனியது. போர்க்களத்தில் நிற்கும் வீரனுக்கோ அதன் அருமை சொல்லுந் தரத்தன்று. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் போரிட்ட இந்திய வீரர்களின் வாழ்க்கை இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதியில், இந்தியப் படையின் முதற்பகுதியினர் மார்சேல்சுத் துறைமுகத்தில் கரையிறங்கினர். பஞ்சாபு, கார்வால், நேபாளம் முதலிய இடங்களைச் சார்ந்த அவர்களுள் பலர் உழவர் குடியிற் பிறந்தவர். போர் முடிவதற்குள் படைவீரரும் பணியாளருமாக அந்நாட்டிற்குச் சென்ற இந்தியர் 1,30,000 பேருக்கு மேற்பட்டோர் ஆவர்.

அங்கு அவர்கள் பட்ட இன்னல் பல. நிலத்தில் வெட்டிய நீண்ட அகழிகளே அவர்களுக்கு உறைவிடம். மழைக்காலத்தில் முழங்காலளவு சேறும் நீரும் நிறையும். குளிர்காலத்தில் கால்கள் விறைத்துப் புண்ணாகும். சில நாள் அகழியில் நின்றபின், சில நாள் பின்னணியிலுள்ள சிற்றூர்களில் தங்கி இளைப்பாறுவர். ஆடை துவைத்தல், படைக்கலம் துடைத்தல், கோதுமை மாவு பிசைந்து ரொட்டி சுடுதல் ஆகியவை அந்நாட்களின் வேலைகள். இவையனைத்தினும் அவர்கள் விரும்பிச் செய்த வேலை ஒன்றுண்டு. அது கடிதம் எழுதுதல்.

எழுத்தறியாதவர் பலராதலின், எழுதத் தெரிந்த தோழரை அருகிருத்தித் தம் கருத்தைச் சொல்லுவர். மழை பெய்ததா, விளைச்சல் எவ்வாறு, எருது நலமா, வழக்கு என்னாயிற்று, சம்பளப் பணம் வந்து சேர்ந்ததா என்பனவே அவர்தம் வினாக்கள். உடல் பிரான்சில் இருப்பினும் உள்ளம் ஊர்க்கழனியிலேயே உலவிற்று.

கடிதம் நேரே ஊர் செல்வதன்று. படைப்பிரிவின் அலுவலர் முதலில் பார்ப்பார். பின்னர்ப் பூலோன் நகரிலிருந்த தணிக்கை நிலையத்தார் அவற்றுட் பலவற்றைப் படித்து, சிற்சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்திற்கு அனுப்புவர். ஆதலின் போரின் கொடுமையை வெளிப்பட எழுத அஞ்சிய சிலர், மறைமொழியைக் கையாண்டனர். இந்திய வீரரைக் கருமிளகு என்றும், வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறித்தனர். கருமிளகு குறைந்துவருகிறது என்று எழுதினால், நம்மவர் மிகுதியாக மடிகின்றனர் என்பது பொருள். தணிக்கையாளரும் இம்மறைபொருளை அறிந்துகொண்டனர்.

புண்பட்ட வீரருட் பலர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்த அரண்மனை 1914ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவமனை ஆக்கப்பட்டது. அவரவர் சமய வழக்கத்திற்கேற்ப உணவு சமைக்க ஒன்பது சமையற்கூடங்கள் அமைந்தன. எனினும், புண் ஆறியபின் மீண்டும் களத்திற்கு அனுப்பப்படுவோமோ என்னும் கவலை அவர்களை வாட்டிற்று.

துன்பத்திடையே புதிய அறிவும் பிறந்தது. ஆடவர் போர்க்களம் சென்றுவிட, பிரெஞ்சு மகளிர் உழவையும் வாணிகத்தையும் தாமே நடத்துவதையும், அவர்கள் கல்வியறிவு உடையராய் இருப்பதையும் வீரர் கண்டு வியந்தனர். நம் பெண்மக்களையும் பள்ளிக்கு அனுப்புக என்று சிலர் ஊருக்கு எழுதினர். எழுத்தறியாத மனைவிக்கு எழுத்தறியாத கணவன் விடுத்த சொல், எழுதுவோன், தணிப்போன், படிப்போன் எனப் பலரைக் கடந்தே அவளைச் சேர்ந்தது. ஆதலின் கல்வியின் இன்றியமையாமையை அவ்வீரர்போல் உணர்ந்தவர் யாவர்?

1915ஆம் ஆண்டின் இறுதியில் காலாட்படையினர் பிரான்சை விட்டு அகன்றனர். குதிரைப்படையினர் 1918ஆம் ஆண்டுவரை அங்கிருந்தனர். ஊர் திரும்பாதோர் நினைவாக நேவ் சபேல் என்னுமிடத்தில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், 4,700-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் உள்ளவை பெயர்கள் மட்டுமே. அவ்வீரர்களின் உள்ளமோ, தணிக்கையாளர் பெயர்த்தெழுதிய தாள்களில் இலண்டன் நூலகத்தில் இன்றும் காக்கப்படுகின்றது. அடக்குவதற்காகப் படிக்கப்பட்ட சொற்களே அழியாது நின்று, எளிய மக்களின் வரலாற்றை நமக்கு உரைக்கின்றன.