ஒரு முறை வரையறை, பல முறை பயன்

வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்களாயின், உள்ளே ஒரு பலகையின்மேல் சிறுசிறு பொருள்கள் பதிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவே மின்சுற்றுப் பலகை. அதன் அமைப்பைப் படமாக வரைவது நெடுநாளைய வழக்கம். இன்றோ, அதனைச் சொற்களால் எழுதும் மொழிகளும் தோன்றியுள்ளன. சில்லுகளின் சுற்றை விவரிக்கும் வி.எச்.டி.எல். மொழி 1987இல் தரப்படுத்தப்பட்டது. பலகைகளுக்கென அமைந்த மொழிகளுள் ஒன்று அட்டோபைல்.

எழுதுவதால் விளையும் பயன் யாது? ஓர் எடுத்துக்காட்டினால் காண்போம். 9 வோல்ட் மின்கலத்தினின்றும் 3 வோல்ட் அழுத்தம் வேண்டும் எனக் கொள்வோம். 20 கிலோ ஓம், 10 கிலோ ஓம் அளவுள்ள இரு மின்தடைகளைத் தொடராக இணைத்தால், சிறிய தடையின் இரு முனைகளுக்கிடையே 3 வோல்ட் கிடைக்கும். இச்சிறு சுற்றுக்கு ஒரு பெயரிட்டு, உள்ளிருக்கும் உறுப்புகள் எவை, அவை எங்ஙனம் இணைந்துள்ளன, வெளியே நீளும் முனைகள் எவை என்று ஒரு முறை எழுதிவிடுகிறோம். இதனை 'மாட்யூல்' என்பர். பின்னர் ஐந்து இடங்களில் அது தேவைப்படின், ஐந்து முறை பெயரைச் சொன்னால் போதும். திருத்தம் வேண்டின், வரையறையில் மட்டும் திருத்தினால் ஐந்தும் திருந்தும்.

ஆயினும், இவ்வசதியிலேயே ஓர் இடரும் உண்டு. வரையறையில் பிழை நேரின், அதுவும் ஐந்தாகப் பெருகுமன்றோ! மேற்கூறிய சுற்றில் மின்தடைகளின் அளவு ஐந்து விழுக்காடு கூடிக் குறையலாமெனின், வெளிவரும் அழுத்தம் 2.8 முதல் 3.2 வோல்ட் வரை மாறும். இதனினும் பெரிது மற்றொன்று: வெளிமுனையில் 10 கிலோ ஓம் தடையுள்ள கருவியொன்றை இணைத்தால், 3 வோல்ட் 1.8 வோல்ட்டாகத் தாழ்ந்துவிடும். சுற்றை ஆக்கியவர் இதனை அறிவார். எடுத்துப் பயன்படுத்துவோர் அறியார்.

ஆகவே, உறுப்புகளை மட்டுமன்றி, எல்லைகளையும் மாட்யூலுள் எழுதுதல் வேண்டும். அட்டோபைல் மொழியில் மின்தடையின் அளவை ஏற்றத்தாழ்வுடனேயே குறிக்கலாம். அழுத்தம் இன்ன வரம்பினுள் அமைதல் வேண்டும் என்று நிபந்தனையும் விதிக்கலாம். நிபந்தனை மீறப்படின், பலகை உருவாகுமுன்னரே கணிப்பொறி தடுத்து உரைக்கும். எழுதப்படாத நிபந்தனையையோ எக்கணிப்பொறியும் சோதித்தறியாது. பிறர் நம்பிப் பயன்படுத்தும் பொருளை ஆக்குவோர், அதன் ஆற்றலோடு அதன் எல்லையையும் எழுதி வைத்தலே கடமையாகும்.