பயத்தின் மேல் படிப்படியாக

அம்பத்தூரிலோ ஆவடியிலோ காலை நேரத்து ரயில் நிலையத்தைப் பாருங்கள். நடைமேம்பாலம் இருந்தும் தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பவர்கள் உண்டு. பெரும்பாலோர் அவசரக்காரர்கள். பாலத்தின் உயரத்துக்கு அஞ்சி இறங்குபவரும் அவர்களில் இருக்கலாம். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பது குற்றம். அதைவிட, உயிருக்கே ஆபத்து.

‘இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?’ என்று பாலத்துக்கு அஞ்சுபவரிடம் கேட்டுப் பயனில்லை. பயப்படத் தேவையில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் நாலு படி ஏறியதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், கால் துவளும். இறங்கியதும் ‘அப்பாடா’ என்றிருக்கும். அந்த நிம்மதிதான் வம்பு. விலகினால் தப்பிக்கலாம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. விலக விலகப் பயம் கெட்டிப்படுகிறது. ‘ஃபோபியா’ என்னும் அளவுமீறிய பயம் வளர்வது இப்படித்தான்.

நம் வீடுகளில் இதைப் ‘பயந்த கோளாறு’ என்பார்கள். திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கோ, பக்கத்துத் தர்காவுக்கோ அழைத்துப்போய் மந்திரித்து வருவார்கள். அதில் குறை காண எதுவுமில்லை. மனத்துக்குத் தெம்பு கிடைக்கும். ஆனால், திருநீறு பூசி வந்தவர் மறுநாளும் பாலத்தைத் தவிர்த்தால், பயம் போன பாடில்லை. பயப்படுவதையே கொஞ்சம் கொஞ்சமாக நேரில் சந்திப்பதுதான் வழி.

அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அளித்த சிகிச்சையை 1924-இல் பதிவுசெய்தார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயலைத் தொட்டு விளையாடினான். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே இதே வழியை முறைப்படுத்தி 1958-இல் நூலாக எழுதினார்.

பாலத்துக்கு அஞ்சும் ஒரு அம்மாவுக்கு இந்தச் சிகிச்சையை எப்படிச் செய்வார்கள்? முதலில் உளவியலாளரும் அவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடுவார்கள். கீழே நின்று பாலத்தைப் பார்ப்பதற்கு நூற்றுக்கு 20 பயம். முதல் திருப்பம் வரை ஏறுவதற்கு 40. பாலத்தின் நடுவில் கைப்பிடியோடு நிற்பதற்கு 70. கீழே ரயில் ஓடும்போது எட்டிப் பார்ப்பதற்கு 95. எளியதில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஓடிவிடாமல் நிற்க வேண்டும். ‘மயங்கி விழுந்துவிடுவேன்’ என்று ஏறும்முன் சொன்னவர், இறங்கும்போது என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடக்கவில்லை என்பதை உடம்பே கண்டறிவதுதான் மருந்து.

மகன் பாசத்தோடு, “அம்மா, கண்ணை மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறு” என்பான். அப்படி ஏறினால் ‘மகன் இருந்ததால் பிழைத்தேன்’ என்றே மனம் கணக்கு வைக்கும். துணை படிப்படியாகக் குறைய வேண்டும். திடீரென்று இழுத்துக்கொண்டு ஓடுவது அதைவிடத் தவறு. அவர் சம்மதமில்லாமல் ஒரு படிகூட ஏற்றக் கூடாது. நாய் பயத்துக்கும் இதே வழிதான். ஆனால் பயிற்சியைத் தெருநாயிடம் அல்ல, தடுப்பூசி போட்ட, சாதுவான வீட்டு நாயிடம் தொடங்க வேண்டும்.

ஊசி, ரத்தப் பயம் மட்டும் தனி ரகம். மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் ஏறிச் சட்டென்று இறங்கி, மயக்கம் வரும். அதனால் இந்தப் பயம் உள்ளவர்களிடம் ‘உடம்பைத் தளர்த்துங்கள்’ என்று சொல்லக் கூடாது. கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கி விடச் சொல்கிறார்கள். அழுத்தம் விழாமல் நிற்கும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் வகுத்த முறை இது. குறிப்பிட்ட ஒரே பயம் என்றால், மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் பலரைத் தேற்றலாம் என்று 1989-இல் காட்டியவரும் அவரே. சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனையையே தள்ளிப்போடுபவர்களுக்கு இந்தச் சிகிச்சை அவசரத் தேவை.

இவ்வளவு பலன் தரும் சிகிச்சையைக் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை மட்டும் இந்தப் பயத்தின் வேரைத் தொடாது. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தனியாரிடம் போனால், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்த மருத்துவ உளவியலாளரா, பயத்தை நேரில் சந்திக்கும் பயிற்சி தருவாரா என்று கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால், ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐக் கூப்பிடலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.