சமையலறை அலமாரிக்குப் புதுவண்ணம்: செலவும் பாதுகாப்பும்

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கேட்டு வங்கிக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் முதலில் குறிப்பிடுவது சமையலறையைத்தான். எண்ணெய்ப் புகையும் நீராவியும் நாள்தோறும் படியும் இடமாதலால், வீட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் அது விரைவில் பொலிவிழக்கிறது. எனினும், நிறம் மங்கிய அலமாரிகள் எல்லாம் பழுதடைந்தவை அல்ல. பலகை உறுதியாக இருப்பின், குடும்பத்தினரே சில விடுமுறை நாள்களில் அதற்குப் புதுவண்ணம் பூசிவிடலாம். அதற்கு முன் சிந்திக்க வேண்டியவை இரண்டு: ஒன்று செலவு, மற்றொன்று குழந்தைகளின் உடல்நலம்.

மாற்றுவதா, வண்ணம் பூசுவதா?

முதலில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரியைத் திறந்து பாருங்கள். நீர்க்கசிவு இருந்தால் அதன் அடையாளம் அங்கேதான் முதலில் தென்படும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் நீரில் ஊறி உப்பிவிட்டால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவற்றின் மீது வண்ணம் பூசுவது வீண். அந்தப் பகுதியை மட்டும் தச்சரைக் கொண்டு நீர் தாங்கும் ஒட்டுப்பலகையால் மாற்றிக் கொள்ளலாம். அடுத்து, கதவின் கீல்களை அசைத்துப் பாருங்கள். திருகாணிகள் இறுக்கமாகப் பிடித்திருந்தால் பலகை நலமாக உள்ளது என்று கொள்ளலாம். அவ்வாறாயின் தேவைப்படுவது புதிய அலமாரி அன்று; புதிய பூச்சு மட்டுமே.

இதன் பொருளாதாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முழு அலமாரியையும் மாற்ற ரூ.3 இலட்சம் கடனாகப் பெறுகிறோம் என்று கொள்வோம். ஆண்டு வட்டி 12 விழுக்காடு, தவணைக் காலம் 36 மாதங்கள் எனில், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.9,964. மூன்றாண்டுகளில் வட்டியாக மட்டும் செலுத்துவது ஏறத்தாழ ரூ.58,700. கடன் கொடுப்பது வங்கியின் பணி. ஆயினும் தேவையற்ற கடனைத் தவிர்ப்பது வாடிக்கையாளருக்கு நன்மை. பலகை நலமாக இருக்கும் வீட்டில், அந்த மாதத் தவணையை அப்படியே தொடர் வைப்பில் சேர்த்தால் மூன்றாண்டுகளில் முதல் மட்டுமே ரூ.3.5 இலட்சத்தைத் தாண்டும்.

பழைய பூச்சில் மறைந்திருக்கும் ஈயம்

மல்லேசுவரம், பசவனகுடி, அல்சூர் போன்ற பழைய பகுதிகளில் எனாமல் பூசிய மர அலமாரிகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. இவற்றைத் தேய்க்கத் தொடங்குமுன் ஒன்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது. பழைய எனாமல் வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் கலந்திருக்கக்கூடும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களுக்குப் பளிச்சென்ற தன்மை தரவும், பூச்சு விரைவில் உலரவும் அவை சேர்க்கப்பட்டன.

ஈயம் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் நஞ்சு. வளரும் குழந்தைகளின் உடல் அதனைப் பெரியவர்களைவிட மிகுதியாக உறிஞ்சுகிறது. அதனால் கற்கும் திறனும் கவனமும் குன்றுகின்றன. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இது குறித்த விழிப்புணர்வில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. ஈய நச்சுத் தடுப்பு பற்றிய பன்னாட்டு மாநாடு 1999 பிப்ரவரியில் இந்நகரில்தான் நடைபெற்றது. ஜார்ஜ் அறக்கட்டளை பல இந்திய நகரங்களில் மேற்கொண்ட இரத்தப் பரிசோதனைகளின் முடிவுகள் அக்காலத்தில் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. ஈய நச்சுக்கான தேசிய ஆலோசனை மையம் இங்குள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அமைந்தது. அதனை வழிநடத்திய முனைவர் துப்பில் வெங்கடேஷ் இத்துறையில் பல்லாண்டுகள் உழைத்தவர். பெட்ரோலில் ஈயம் 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. வண்ணங்களுக்கான கட்டுப்பாடு அதற்கு நெடுநாள் பின்னரே வந்தது: 2016ஆம் ஆண்டின் மைய அரசு விதிகளின்படி, வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது, இது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, அதற்கு முன் எனாமல் பூசப்பட்ட அலமாரியில் ஈயம் இருக்கக்கூடும் என்று கருதியே பணியைத் தொடங்குவது நல்லது. பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுங்கள்:

• உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பரப்பை நீரால் நனைத்து, நீர் தாங்கும் உப்புத்தாளால் தேய்த்தால் தூசி பறக்காது. சுழலும் மின்கருவியைத் தவிர்க்கவும்.
• பழைய பூச்சைத் தீச்சுடரால் பொசுக்கி அகற்றுவது மிகவும் ஆபத்து. அதனால் ஈயப் புகை எழும்.
• சாதாரணத் துணி போதாது. என்95 வகை முகக்கவசமேனும் அணியவும்.
• குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் பணி முடிந்து துப்புரவு செய்யும்வரை அவ்விடத்திற்கு வரலாகாது.
• தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும். பணியின்போது அணிந்த உடையைத் தனியே துவைக்கவும்.
• பூச்சு நன்றாக ஒட்டியிருந்தால் அதனை முழுதும் சுரண்ட வேண்டியதில்லை. மினுமினுப்புப் போகும் அளவுக்குத் தேய்த்து, மேலே புதுப்பூச்சு இடுவதே போதும்.

ஏற்ற காலம்

வண்ணம் ஒட்டுவதும் உலர்வதும் காற்றின் ஈரத்தைப் பொறுத்தவை. பெங்களூரில் சூன் முதல் நவம்பர் வரை இரு பருவமழைகளும் அடுத்தடுத்துப் பெய்கின்றன. சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட மாதங்களே இப்பணிக்கு உகந்தவை.

செய்முறை

கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அது இருந்த இடத்திலும் ஒரே எண்ணை எழுதிய காகித நாடாவை ஒட்டுங்கள். கீல்களையும் திருகாணிகளையும் அதே எண்ணிட்ட உறைகளில் இட்டு வையுங்கள். மீண்டும் பொருத்தும்போது கதவுகள் இடம் மாறாமல் இருக்க இதுவே வழி.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுதல். வண்ணம் உரிந்துவருவதற்குப் பெரும்பாலும் இப்படியைத் தவிர்ப்பதே காரணம். சலவைச் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, பின் தூய நீரால் துடைத்து, ஒருநாள் உலரவிடவும். அடுப்புக்கு அருகிலுள்ள கதவுகளுக்கு இருமுறை இவ்வாறு செய்யலாம்.

பின்னர் 120 எண் உப்புத்தாளாலும், அடுத்து 220 எண் தாளாலும் தேய்க்கவும். கீறல்களையும் பழைய திருகாணித் துளைகளையும் மரப்பட்டியால் அடைத்து, உலர்ந்தபின் சமன் செய்யவும். மரப்பரப்புக்கு மரத்திற்கான பிரைமர் போதும். சன்மைக்கா ஒட்டிய கதவுகளுக்கு வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் தனிப் பிரைமர் தேவை. முதலில் ஒரு கதவின் உட்புறத்தில் சிறிது பூசி, நன்கு உலர்ந்தபின் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். பூச்சு உரிந்துவந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று பொருள்.

வண்ணத்தைத் தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே சிறந்தது. ஓரங்களுக்குத் தூரிகையும் சமபரப்புக்கு நுரை ரோலரும் பயன்படுத்துங்கள். எண்ணெய் எனாமலின் ஆவி தீப்பற்றக்கூடியது. எனவே அலமாரிச் சட்டங்களுக்குப் பூசும்போது எரிவாயு உருளையை மூடி, அடுப்பையும் விளக்கையும் ஏற்றாமல், சன்னல்களைத் திறந்து வைக்கவும். நீர் கலக்கும் எனாமலில் இத்தொல்லை குறைவு, வாடையும் குறைவு. எந்த வகையானாலும் டப்பாவில் ஈய அளவு பற்றிய வாசகத்தைப் படித்த பின்னரே வாங்குங்கள்.

அளவும் கணக்கும்

ஒரு கதவு 2 அடிக்கு 2.5 அடி எனில் இருபுறமும் சேர்த்து 10 சதுர அடி. அத்தகைய 12 கதவுகளுக்கு 120 சதுர அடி. சட்டங்களுக்கு 30 சதுர அடி சேர்த்தால் மொத்தம் 150. டப்பாவில் ஒரு லிட்டர் இருபூச்சுக்கு 100 சதுர அடி என்றிருந்தால் ஒன்றரை லிட்டர் தேவைப்படும். சிறிது மீதி வைத்துக்கொண்டால், பின்னாளில் கீறல் விழும்போது அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தொட்டால் ஒட்டாத நிலை ஒரே நாளில் வந்துவிடும். ஆனால் பூச்சு முழுவலிமை பெற இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை கதவுகளை மென்மையாகக் கையாளுங்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். பிரைமர், வண்ணம், உப்புத்தாள், முகக்கவசம் ஆகியவற்றின் விலையை முன்கூட்டியே எழுதிக் கூட்டிப் பாருங்கள். அத்தொகை உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே அடங்கிவிடுமாயின், கடன் விண்ணப்பத்தை அதனினும் பெரிய தேவைக்கென வைத்துக்கொள்ளலாம்.